புதுப்பிப்பு: ஸ்கேன் பயம் பற்றி முன்பு எழுதியிருந்தேன்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுக்க நடுங்குகிறேன், இயேசுவை நம்பும் விசுவாசிக்கு இப்படிப் பயம் வரலாமா என்று கேட்டிருந்தேன். ஸ்கேன் முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை.

பலர் வேதாகமத்தில் சங்கீதம் 56-ஐ வாசிக்கச் சொன்னீர்கள். காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தர் கையில் சிக்கிய தாவீதின் பாட்டு அது. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்கிறது 3-ஆம் வசனம். பயத்தின் நடுவிலேயே நம்பலாம் என்பது எனக்குப் பெரிய விடுதலை. பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயில் இயேசுவே திகிலடைந்தார் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறாரே! பயந்தால் விசுவாசமே இல்லை என்று மிரட்டுகிறவர்கள் மாற்கு 14-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

உள்ளே இயந்திரம் தடதடவென்று இடித்தது. மூக்குக்கு நேரே கூரை. கண்ணை மூடி, மூச்சை இழுக்கும்போது வசனத்தின் முதல் பாதி, விடும்போது மறுபாதி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உதவிக்கு அழைக்கும் பொத்தானை இறுகப் பிடித்திருந்தேன், அழுத்தவில்லை. வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. ஆனாலும் கர்த்தர் என்னோடு இருந்தார், அதை உணர்ந்தேன்.

பதற்றம் தணிய மருந்து கேட்பது அவிசுவாசமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லவே இல்லை. அப்போஸ்தலன் பவுலோடு இருந்த லூக்காவே வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14). தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிவு வந்ததும் எழுதுகிறேன். ஜெபித்த அனைவருக்கும் நன்றி.