முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது ஆடலாம்? என் பத்து மாதம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கபடியில் நான் ரெய்டர். 2023 பொங்கலுக்கு நடந்த இரவு ஆட்டத்தில் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினேன். பாதம் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரும் என்னைத் தொடவே இல்லை. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற ஏ.சி.எல். ஜவ்வு பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது, மோதல் எதுவும் இல்லாமல். “யாருமே பிடிக்கலையே, எப்படிடா அடிபடும்?” என்று கேட்பவர்கள் பேச்சை நம்பி ஆட்டத்தைத் தொடராதீர்கள்.

அன்றிரவே முட்டி வீங்கிவிட்டது. போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, பத்து நாளில் சரியாகிவிடும் என்று அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்புறம் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். மூன்று வாரம் அப்படியே போனது. படி இறங்கினால் முழங்கால் தனியாக நழுவும். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் முழுசாக அறுந்திருப்பது தெரிந்தது.

மார்ச் முதல் வாரம் ஆபரேஷன். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்துத் தசைநாண்கள் இரண்டை எடுத்து, மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்துக் கட்டினார்கள். முட்டியை மடக்குவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பிசியோ அக்கா முதலில் கேட்டது காலை முழுசாக நீட்டுவதைத்தான். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கும்வரை படுத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். ஆரம்பத்தில் நீட்டாமல் விட்டால் பிறகு நொண்டல் நிற்காது என்றார்.

அம்மா தையல் வேலை செய்பவர். அவருடைய டேப்பை எடுத்து, முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் அளந்தோம். இடது தொடை நாலு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஞாயிறுதோறும் அளந்து காலண்டரில் எழுதுவார். தழும்பை ஒட்டி ஓர் இடம் இன்றைக்கும் மரத்தேதான் இருக்கிறது, சோப்புப் போடும்போது வேறு யாரோ காலைத் தொடுவது போல. அதற்குப் பயப்பட வேண்டாம், சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்தான் பார்த்தேன். ஜூலையில் வலி சுத்தமாகப் போய்விட்டது. தெப்பக்குளத்தை நாலு சுற்று ஓடினேன். பையன்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் இதை எழுதுவதே இந்த நாலாம், ஐந்தாம் மாதத்துக்காகத்தான். உள்ளே வைத்த நாண் முதலில் கயிறு போல உறுதியாக இருக்கும். பிறகு உடம்பு அதற்குள் புது ரத்தக்குழாய்களை விட்டு, அதை இளக்கி, ஜவ்வாக மாற்றத் தொடங்கும். அப்படி மாறுகிற மாதங்களில் அதற்குப் பலம் குறைவு. வலியோ அதற்குள் போய்விடுகிறது. அப்பாவிடம் சொன்னபோது அவர் தோட்டத்து வழக்கத்தைச் சொன்னார்: ஒட்டு மாங்கன்றில் முதல் வருஷம் வருகிற பூவைக் கிள்ளிவிடுவோமே, அந்த மாதிரி என்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் போகவில்லை.

2016-ல் வெளியான ஓர் ஆய்வை பிசியோ அக்கா காட்டினார். ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி முழங்காலில் அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது, தொடைப் பலமும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும். 2024 பொங்கலுக்குத்தான் மறுபடி கோட்டைத் தாண்டினேன். முதல் ரெய்டில் இடது காலை ஊன்றித் திரும்ப மனம் வரவில்லை. மூன்றாவது ரெய்டில்தான் திரும்பினேன்.

*

திருநகரிலிருந்து எழுதுகிறேன் தம்பி. என் மகளுக்கு 16 வயது, ஹாக்கி ஆடுகிறாள். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை. அடுத்த மாதம் அணித் தேர்வுக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அவளும் அழுகிறாள். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம் என்று டாக்டர் சொன்னார். உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு ஒற்றைக்காலில் தாவச் சொன்னேன். வலது கால் 142 சென்டிமீட்டர், இடது 118. தாவி இறங்கும்போது இடது முட்டி உள்பக்கம் சாய்கிறது. இதற்கு என்ன அர்த்தம் தம்பி?

*

அக்கா, 118-ஐ 142-ஆல் வகுத்தால் 83 சதவீதம். இன்னும் வரவில்லை. அதைவிட முட்டி உள்பக்கம் சாய்கிறது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. போனில் வீடியோ எடுத்து பிசியோவிடம் காட்டுங்கள், இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி தருவார். இனி தனியாகத் தாவவிட வேண்டாம், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இருபது வயதுக்குள் சீக்கிரம் திரும்புகிறவர்களுக்குத்தான் மறுபடி கிழிவது அதிகம், சில பேருக்கு நல்ல காலிலேயே. இந்த அணித் தேர்வை விட்டுவிடுங்கள். பாப்பா அழட்டும், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் தெப்பக்குளத்தில்தான் இருப்பேன். கூட்டி வாருங்கள், என் தழும்பைக் காட்டி நானே பேசுகிறேன்.