ஆத்து மட்டியை உயிரோடு பார்த்தவர்கள் உண்டா?

சிப்பி என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ராமேஸ்வரம் கடைவீதிதான் நினைவுக்கு வரும். நான் கேட்பது ஆற்று மட்டியைப் பற்றி. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. சின்ன வயதில் மட்டி ஓட்டின் முதுகைக் கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்து நடுவில் துளை போடுவோம். அந்தத் துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், மாங்காய்த் தோல் சீவ அதைவிட நல்ல கருவி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு உயிர் குடியிருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மே மாதம் ஆறு காய்ந்து, பாலத்தடியில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அடியில் மணலை விரலால் கீறிவிட்ட மாதிரி ஒரு நீளக் கோடு. கோட்டின் முனையில் பாதி புதைந்து ஒரு மட்டி, மேல் நுனியில் இரண்டு சின்னத் திறப்புகள், ஒன்றின் ஓரத்தில் மட்டும் மீசை மாதிரி ரோமம். என் நிழல் விழுந்ததும் பட்டென்று மூடிக்கொண்டது. கையில் எடுத்தால் நாக்கு மாதிரி வெளுப்பான ஒன்று வெளியே தொங்குகிறது, அது மெல்ல உள்ளே போய், கடைசியில் என் சட்டையில் ஒரு பீச்சுத் தண்ணீர். அரைமணி நேரம் துழாவி 23 எண்ணினேன். எல்லாமே உள்ளங்கை நீளம். பொடிசு ஒன்றுகூட இல்லை, அதுதான் உறுத்துகிறது. யாருக்காவது காரணம் தெரியுமா?

* * *

அண்ணே, நீங்கள் பார்த்தது லேமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்கிற மட்டி இனமாக இருக்கலாம். பி.எஸ்ஸி. விலங்கியலில் எங்களுக்கு அறுப்புக்கு வந்தது அதுதான். முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு தசைகளைக் கத்தியால் அறுத்தால் போதும், நாம் திறக்கவே வேண்டாம், முதுகில் இருக்கிற நார் ஸ்பிரிங் மாதிரி இழுத்துத் தானே வாய் பிளந்துவிடும் (செத்த மட்டி எப்போதும் திறந்து கிடப்பதும் இதனால்தான்). செவுள் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும், அந்த மடிப்பில் உண்ணி போல ஏதோ பொடிப் பூச்சிகள் ஓடும், பக்கத்து மேஜைக்காரி அலறியே விட்டாள்.

ஒருமுறை எனக்கு வந்த மட்டியின் வெளிச்செவுள் மட்டும் தடித்து உப்பியிருந்தது. சார் அதில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நூற்றுக்கணக்கில் குட்டிச் சிப்பிகள், ஒவ்வொன்றும் கைதட்டுவது போலத் திறந்து மூடித் திறந்து மூடி. குளோகிடியம் என்று பெயர். ஆண் தண்ணீரில் விடுகிற விந்தணுவைப் பெண் மட்டி இழுக்கிற தண்ணீரோடு சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்கிறது, குஞ்சுகளைச் செவுளிலேயே வைத்து வளர்க்கிறது, அப்புறம் வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த குஞ்சு ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்வியாக வேண்டும், இல்லையென்றால் கதை முடிந்தது. கவ்வினால் மீனின் தோல் அதை மூடிக்கொள்ளும், சில வாரம் அங்கேயே ஒட்டுண்ணியாக இருந்து உருமாறி, உதிர்ந்து மணலில் விழும். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், தானாக நகர்ந்தால் ஒரு நாளைக்குச் சில அடி போவதே பெரிசாக இருக்கிற மட்டி, மீன் ஏறுகிற தூரமெல்லாம் எதிர்நீச்சலில் மேலே போய்விடுகிறது, டிக்கெட் எடுக்காமல். எந்த மீனாக இருந்தாலும் சரி என்பதும் கிடையாது, ஒத்துவராத மீனின் உடம்பு குஞ்சை உதறிவிடும்.

அதனால் பொடிசு இல்லையென்றால் மீனையும் பாருங்கள், தடுப்பணை தாண்டி மீன் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று, பொடிசுகள் முழுக்கப் புதைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டாமல் சல்லடை போட்டுப் பாருங்கள்.

* * *

நான் பண்ணின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மட்டி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, தாமிரபரணியிலிருந்து நாலு கொண்டுவந்து மீன்தொட்டியில் விட்டேன். இரண்டே நாளில் தொட்டி கண்ணாடி மாதிரி ஆனது, வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை வேறு. அது தண்ணீரை உறிஞ்சி அதில் இருக்கிற பாசித் துணுக்கு, பாக்டீரியாவை வடிகட்டித் தின்பது. கண்ணாடி மாதிரித் தண்ணீரில் அதற்கு என்ன சோறு இருக்கிறது? பட்டினியில் ஒவ்வொன்றாகச் செத்திருக்கிறது, மணலுக்குள் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஒரு காலையில் எழுந்தால் வீடெல்லாம் நாற்றம், தொட்டி மீன் பதினொன்றும் மேலே மிதக்கிறது. அழுகிய மட்டியின் அம்மோனியா. ஆற்றில் இருப்பதை ஆற்றிலேயே விடுங்கள் சார்.

* * *

கேள்வி கேட்டவன்தான். தம்பி சொன்ன மாதிரி மறுநாளே மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தடியில் பதினாலு தடவை அள்ளியும் ஒன்றுமில்லை, வலையில் பார்த்தால் அங்கே இருக்கிற மீனும் முக்கால்வாசி சிலேபி. கொஞ்சம் மேலே, கோரை நிழலில் ஈரச் சேறாக இருக்கிற இடத்தில் அள்ளினேன். மூன்றாவது சல்லடையில் இரண்டு கிடைத்தன, சுண்டுவிரல் நக அளவு, பச்சை கலந்த பழுப்பு, வெயிலில் பிடித்தால் ஓட்டின் வழியே வெளிச்சம் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெரிய மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிக் கிடந்தது, மேட்டூர் தண்ணீர் வரும்வரை அப்படியேதான் இருக்கும் போல. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12 திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபின் மறுபடி போய் எழுதுகிறேன். சல்லடையை மட்டும் இன்னும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.