ஒரே பள்ளியில் இத்தனை பிரபலங்களா? கிரெஷாம்ஸ் பற்றி ஒரு கேள்வி

பொன்னி_79:
வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியில் ஹோல்ட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே 1555இல் சர் ஜான் கிரெஷாம் தொடங்கிய பள்ளி இன்றும் தனியார் பள்ளியாக நடக்கிறது. அங்கே படித்தவர்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது: கவிஞர் ஆடன், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், நரம்புச் செய்தி எப்படிப் பயணிக்கிறது என்று காட்டி 1963இல் நோபல் பரிசு வாங்கிய ஆலன் ஹாட்ஜ்கின், காற்று மெத்தையில் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் வண்டியைக் கண்டுபிடித்த காக்கரெல், வேக்குவம் கிளீனர் புகழ் ஜேம்ஸ் டைசன், நடிகை ஒலிவியா கோல்மன். இதெல்லாம் பள்ளியால் வந்ததா, இல்லை வசதியான வீட்டுப் பிள்ளைகள் எங்கே படித்திருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பார்களா? மகளுக்குப் பள்ளி தேடிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

வயல்வெளி:
பள்ளிக்குப் பங்கு உண்டு. 1900இல் தலைமையாசிரியராக வந்த ஜார்ஜ் ஹௌசன் அறிவியலுக்குப் பெரிய இடம் கொடுத்தார், மற்ற பழைய பள்ளிகள் லத்தீனையும் கிரேக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆடனே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது உயிரியலுக்கான உதவித்தொகையில்தான்! கவிதைப் பக்கம் அவரைத் திருப்பியது வகுப்பறை இல்லை. 1922இல் வயலில் கூட நடந்து வந்த நண்பன் ஒருவன் 'நீ கவிதை எழுதுவாயா' என்று கேட்டான், அதுவரை அவர் எழுதியதே இல்லை.

காக்கரெலின் அப்பா கேம்பிரிட்ஜில் ஓர் அருங்காட்சியகத்தின் இயக்குநர், அதனால் நீங்கள் சொல்லும் வசதியும் இருந்தது. ஆனால் காக்கரெல் செய்த சோதனையைப் பாருங்கள்: பூனைத் தீவனத் தகர டப்பாவைக் காபி டப்பாவுக்குள் வைத்து, நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகக் காற்றை ஊதி, கீழே சமையலறைத் தராசு. ஒரே டப்பாவில் ஊதியதைவிட அழுத்தம் கூடியது. 1959 ஜூலை 25 அன்று அவருடைய வண்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

கடலோரம்:
டைசன் கதை நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. அவர் அப்பா அதே பள்ளியில் ஆசிரியர், 1956இல் புற்றுநோயில் இறந்துபோனார், பையனுக்கு 9 வயது. தலைமையாசிரியர் லோகி புரூஸ் லாக்ஹார்ட் கட்டணத்துக்கு வழி செய்து அண்ணன் தம்பி இருவரையும் அங்கேயே படிக்க வைத்தார். பின்னாளில் பையில்லாத வேக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்த மனிதர், 2019இல் அதே பள்ளியில் அறிவியல், தொழில்நுட்பக் கட்டடத்துக்கு 1.875 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தார். அந்த ஒரு தலைமையாசிரியர் மனம் வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நிலாமுற்றம்:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடன் காலத்தில் சேரும் பையன்கள் கெட்ட வார்த்தை பேச மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன், ஆபாசமாக நடக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் தானே போய்ச் சொல்ல வேண்டும். இன்னொருவன் தவறியதைப் பார்த்தால் அவனை ஒப்புக்கொள்ளச் சொல்ல வேண்டும், மறுத்தால் நாமே காட்டிக்கொடுக்க வேண்டும். பாசிசத்தை ஏன் எதிர்க்கிறேன் என்பதற்கு ஆடன் பின்னால் இந்தப் பள்ளி அனுபவத்தையே காரணமாகச் சொன்னார். 1951இல் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடிய ஒற்றர் டொனால்ட் மக்லீனும் இதே பள்ளிதான். பெஞ்சமின் பிரிட்டனும் அங்கே சந்தோஷமாக இல்லை, அவருடைய உண்மையான இசைக்கல்வி பள்ளிக்கு வெளியே இசையமைப்பாளர் ஃபிராங்க் பிரிட்ஜிடம் நடந்தது.

பொன்னி_79:
எல்லோருக்கும் நன்றி. பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க இருந்தேன். இனி பள்ளி பார்க்கப் போனால் முதல் கேள்வி இதுதான்: பாதியில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? அப்புறம், சக பிள்ளையைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேட்பேன்.