எல்என்ஜி பங்கர் எடுக்கும்போது டேங்க் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, எப்படி அடக்குவது?

செம்பவாங்_ரெஞ்ச்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஃபியூயல் ஆயில் பங்கர் (கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவது) தண்ணிபட்ட பாடு, எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை வாயு) மட்டும் புதிது. கப்பலில் 1,000 கன மீட்டர் டைப் சி டேங்க் (பிரஷர் தாங்கும் வகை) ஒன்று, சேஃப்டி வால்வு 9 பாரில் திறக்கும். நான்கு ஸ்ட்ரோக் டூயல் ஃபியூயல் இன்ஜின் (கேஸ், டீசல் இரண்டிலும் ஓடும்). கேஸுக்குத் தனி பம்ப் கிடையாது, டேங்க் பிரஷர்தான் கேஸை இன்ஜினுக்குத் தள்ளுகிறது. அதனால் எப்போதும் 5 பாருக்குக் குறையாமல் வைத்திருக்கிறோம்.

அடுத்த பங்கர் சிங்கப்பூர் நங்கூரப் பகுதியில், பங்கர் கப்பல் பக்கத்தில் வந்து கட்டும். தெரிய வேண்டியது மூன்று:

ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிரஷர் 7 பாரைத் தாண்டுகிறது. வேகத்தைக் குறைத்தால் மணிக்கணக்கில் இழுக்கிறது. என்ன காரணம்?

ஒரு துறைமுகத்தில் 89 சதவீதம் வரை ஏற்ற விட்டார்கள், இன்னொன்றில் 84-இல் நிறுத்தச் சொன்னார்கள். டேங்க் அதேதான். எது சரி?

பில் எம்எம்பிடியூவில் (பத்து லட்சம் பிடியூ, வெப்ப அளவு) வருகிறது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

ஜூரோங்_கிரையோ

தம்பி, முதல் கேள்விக்கான பதில் உங்கள் வரியிலேயே இருக்கிறது: "எப்போதும் 5 பார்". 5 பாரில் நிற்கும் டேங்கின் அடியில் கிடக்கும் மிச்சம் மைனஸ் 134 டிகிரி அளவில் இருக்கும். வருகிற எல்என்ஜி மைனஸ் 160-ஐ ஒட்டி. குளிர்ந்தது கனம் அதிகம். கீழ்க் குழாய் வழியாக விட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சூடான பழைய திரவம் மேலே மிதக்கும். மேலே உள்ள வாயுவுக்குத் தெரிவது அந்தச் சூடான மேற்பரப்பு மட்டுமே. திரவ மட்டம் ஏற ஏற வாயு நசுங்குகிறது, குளிர அதற்கு வழியில்லை. பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

ஆகவே முதலில் மேல் ஸ்பிரே வழி. குளிர்ந்த துளிகள் வாயுவுக்குள் விழுந்தால் வாயு அங்கேயே திரவமாகிவிடும், பிரஷர் சரசரவென்று இறங்கும். 2 பாருக்குக் கீழே நிலைத்த பிறகு கீழ்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வேகத்தைக் கூட்டுங்கள். பிரஷர் தலைதூக்கினால் மறுபடி ஸ்பிரே பக்கம் அதிகமாக்குங்கள். இரண்டு வால்வையும் மாற்றி மாற்றி ஆட ஒருவர் கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார வேண்டும், வேறு வேலை கொடுக்கக் கூடாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. உங்கள் இன்ஜின் டேங்க் பிரஷரை நம்பி ஓடுகிறது. ஸ்பிரேயைத் திறந்ததும் பிரஷர் சரிந்தால் கேஸ் நின்று இன்ஜின் டீசலுக்குத் தாவும். அது நடக்கும் முன் நீங்களே டீசலுக்கு மாற்றிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, பங்கர் கப்பல் வருவதற்கு இரண்டரை, மூன்று நாள் முன்பே வேலையைத் தொடங்குவது. பிரஷர் ஏற்றும் வேப்பரைசரை (திரவத்தை ஆவியாக்கும் கருவி) மூடுங்கள். திரவத்தை எடுக்காமல் மேலிருக்கும் வாயுவை மட்டும் எடுத்து எரியுங்கள். ஆவியாகிற வாயு தன் வெப்பத்தை மிச்சத் திரவத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 1 சதவீதம் ஆவியானால் மிச்சம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் குளிரும். அடியில் 100 கன மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 38 டன். மைனஸ் 134-இலிருந்து மைனஸ் 150-க்கு இறக்க 5 டன் போல எரிக்க வேண்டும். இன்சுலேஷன் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சேரும். பாய்லர் மணிக்கு 100 கிலோ எரித்தால் கணக்கு சரியாக வந்துவிடும்.

அதை பாய்லரில் எரிப்பதே நல்லது. குறைந்த சுமையில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோ வகை (கேஸையும் காற்றையும் முன்பே கலந்து எரிக்கும்) இன்ஜினில் எரியாத மீத்தேன் புகைபோக்கி வழியாகத் தப்பிப்பது அதிகம். அந்த வகைக்கு ஐரோப்பாவின் ஃபியூயல்இயூ விதி எழுதி வைத்திருக்கும் இயல்பு அளவே 3.1 சதவீதம். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடாக்கும். பிரஷரை இறக்குகிறோம் என்ற பெயரில் அதைக் காற்றில் விடக் கூடாது. வென்ட் மாஸ்ட் (வாயுவை வெளியே விடும் உயரக் குழாய்) அவசரத்துக்கு மட்டும்.

பங்கருக்கு நாள் குறிக்கும் முன் சப்ளையரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: சரக்கின் வெப்பநிலை. பங்கர் கப்பல் பல நாள் சரக்கோடு நின்றால் அதுவும் சூடாகும். மைனஸ் 145-இல் வருகிற எல்என்ஜியை எவ்வளவு ஸ்பிரே செய்தாலும் பிரஷர் 2 பாருக்குக் கீழே வராது, இயற்பியல் விடாது. அப்படிப்பட்ட சரக்கு என்றால் உங்கள் டேங்க் வாயுவைப் பங்கர் கப்பல் திருப்பி வாங்கும் ஹோஸும் இணைக்க வேண்டும். அதற்கான இணைப்பு பொருந்துமா என்பதை முன்கூட்டியே செய்யும் பொருத்த ஆய்வில் பார்த்துவிட வேண்டும்.

பாசிர்பாஞ்சாங்_சர்வேயர்

இரண்டாவது கேள்வி. 84-உம் சரி, 89-உம் சரி. இது பலரைக் குழப்பும் இடம் என்பதால் கணக்கையே போடுகிறேன்.

வாயு எரிபொருள் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐஜிஎஃப் கோடின்படி, சேஃப்டி வால்வு திறக்கும் நிலை வரை சூடானாலும் திரவம் டேங்கில் 98 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சூடானால் எல்என்ஜி விரியும், அதற்கான இடத்தை இப்போதே விட வேண்டும். ஏற்றும் வரம்பு = 98 × சூடான நிலை அடர்த்தி ÷ ஏற்றும்போதுள்ள அடர்த்தி.

சுத்த மீத்தேன் எண்களையே எடுத்துக்கொள்வோம். வால்வு 9 பாரில் திறக்கிறது, அந்த நிலையில் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 360 கிலோ. மைனஸ் 161-இல் ஏற்றினால் 422 கிலோ. 98 × 360 ÷ 422 = 83.6. அதே டேங்கில் மைனஸ் 143-இல் இருக்கும் சூடான சரக்கை ஏற்றினால் அடர்த்தி 394, வரம்பு 89.5.

இப்போது எடையைப் பாருங்கள். 836 கன மீட்டர் × 422 = 353 டன். 895 × 394 = 353 டன். இரண்டும் ஒன்றே! 89 வரை ஏற்ற விட்ட துறைமுகத்தில் உங்களுக்குக் கூடுதலாக ஒரு கிலோகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது சூடான சரக்கு. அது சீக்கிரம் பிரஷர் ஏற்றும். கப்பல் சும்மா நின்றாலும் 15 நாள் வரை சேஃப்டி வால்வு திறக்காமல் தாங்க வேண்டும் என்கிறது கோடு, அந்த 15 நாள் அவகாசத்தைத் தின்பதே இந்தச் சூடுதான். ஆகவே ஆர்டரைச் சதவீதத்தில் போடாதீர்கள், டன்னில் போடுங்கள். அடியில் 35 டன் மிச்சம் என்றால் உங்களுக்கு வேண்டியது 318 டன். நிஜச் சரக்கில் ஈத்தேன், புரோப்பேன் கலந்திருக்கும், அடர்த்தி கூடும். சப்ளையர் தரும் கலவையை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது. ஒரு டன் எல்என்ஜி தோராயமாக 52 எம்எம்பிடியூ. பில்லில் இருப்பது மொத்த வெப்ப மதிப்பு. இன்ஜின் தயாரிப்பாளர் தருகிற எரிபொருள் செலவு நிகர மதிப்பில் இருக்கும். மீத்தேனுக்கு இரண்டுக்கும் 11 சதவீதம் வித்தியாசம். இதைக் கவனிக்காமல் ஃபியூயல் ஆயிலோடு விலையை ஒப்பிட்டால் எல்என்ஜி உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

டெலிவரி நோட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, திருப்பி அனுப்பிய வாயு கழிக்கப்பட்டிருக்கிறதா. இரண்டு, கலவை எந்த நேரத்து மாதிரி, ஏற்றும்போது எடுத்ததா, பல நாள் முன்பு டெர்மினலில் எடுத்ததா. நின்ற சரக்கில் மீத்தேன் ஆவியாகிப் போய் ஈத்தேன் விகிதம் கூடியிருக்கும், மீத்தேன் எண்ணும் (நாக் அடிக்காமல் எரியும் திறனின் அளவு) இறங்கியிருக்கும், இன்ஜின் நாக் அடிக்கும் (கேஸ் நேரம் தப்பி வெடித்து எரியும்). மூன்று, மாஸ் ஃப்ளோ மீட்டர் என்றால் குளிரூட்டும் கட்டத்தில் குழாயில் வாயுக் குமிழி கலந்து ஓடிய நேரம் எவ்வளவு. மீட்டர் தடுமாறுவது அந்த நேரத்தில்தான்.

செம்பவாங்_ரெஞ்ச்

353 = 353 என்பதைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது, நன்றி அக்கா. ஹோஸ் இணைப்பில் நம்ம ஊர் ஈரக் காற்றால் ஏதாவது தொல்லை வருமா?

துவாஸ்_ஹோஸ்

நிச்சயமா வரும். ஹோஸுக்குள்ள ஈரக் காத்து மாட்டிக்கிட்டா ஐஸ் ஆகி ஸ்டிரெய்னர்ல அடைச்சுக்கும், இல்ல வால்வு சீட்ல உட்கார்ந்துக்கும். அப்புறம் வால்வு மூடின மாதிரி காட்டும், ஆனா ஒழுகும். அதனால நைட்ரஜன் பர்ஜ்ல (நைட்ரஜன் விட்டு ஹோஸுக்குள்ள இருக்கற காத்தை வெளியேத்துறது) அவசரம் காட்டாதீங்க. ஆக்சிஜன் மட்டும் பார்த்தா பத்தாது, பர்ஜ் ஆகி வெளிய வர்ற வாயுவோட டியூ பாயிண்டையும் (ஈரம் எவ்வளவுன்னு காட்டும்) பாருங்க.

வரிசை இதுதான்: இணைப்பு, பர்ஜ், லீக் டெஸ்ட், ஈஎஸ்டி (அவசர நிறுத்தம்) சோதனை, மெதுவா கூல்டவுன், குளிர்ந்த நிலையில ஈஎஸ்டி இன்னொரு தடவை, அப்புறம்தான் முழு வேகம். குளிர்ந்தப்போ சோதனை வேண்டாம்னு சிலர் தாண்டிப் போயிடுவாங்க. வால்வு ஸ்டெம் சுருங்கி இறுகுறது குளிர்ந்த பிறகுதான், அந்தச் சோதனைதான் முக்கியம். ரெண்டு கப்பல் ஈஎஸ்டியும் லிங்க் ஆகியிருக்கணும். உங்க வால்வு மட்டும் மூடி அவங்க பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா ஹோஸ்ல பிரஷர் அடி விழும்.

மேனிஃபோல்டுக்குக் (ஹோஸ் வந்து சேரும் குழாய் முனை) கீழ ஸ்டெயின்லெஸ் டிரே இருக்கணும், கப்பல் பக்கவாட்டுல தண்ணித் திரை முன்னாடியே ஓடணும். சாதா எஃகு மேல எல்என்ஜி சொட்டினா கண்ணாடி மாதிரி விரிசல் விடும். கப்பலுக்குக் கப்பல் பாண்டிங் கேபிள் (ரெண்டையும் மின்சாரமா இணைக்கற கம்பி) போடாதீங்க, தீப்பொறி வராம தடுக்கற வேலையை இன்சுலேட்டிங் ஃபிளாஞ்ச்தான் (மின்சாரம் கடக்காத இணைப்பு) பார்க்கும்.

முடிச்சதும் திரவத்தை வடிச்சு, நைட்ரஜன் விட்டு, மீத்தேன் 2 சதவீதத்துக்குக் கீழ வந்தப்புறம் கழட்டுங்க. ரெண்டு வால்வுக்கு நடுவுல திரவம் மாட்டிக்கக் கூடாது, சூடானா 600 மடங்கு இடம் கேட்கும். கப்ளிங் மேல விரல் தடிமனுக்கு வெள்ளையா பனி பிடிச்சிருக்கும். சுத்தியல் வேண்டாம், நல்ல தண்ணி ஊத்தி உருக விடுங்க. வெள்ளைப் புகையா தெரியறது காத்துல உள்ள ஈரம். அந்தப் புகைக்கு வெளியவும் கேஸ் இருக்கலாம், மீட்டரைத்தான் நம்பணும். குளிர்ந்த மீத்தேன் காத்தைவிடக் கனம், மேல போகாம டெக்ல படுத்துக்கும்.

இன்னொண்ணு, விடியக்காலை ஸ்லாட் கொடுத்தா வானிலையைப் பாருங்க. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா காத்து (சுமத்ரா பக்கம் இருந்து வர்ற திடீர் இடி மழைக் காத்து) அந்த நேரத்துலதான் அடிக்கும். மின்னல் தெரிஞ்சா பம்பை நிறுத்திடணும். கூல்டவுன் பாதியில நின்னா ஹோஸ் மறுபடி சூடாகிடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.