லிங்க் போட்டா ஒருத்தருக்கும் காட்ட மாட்டேங்கு, உங்களுக்கும் அப்படித்தானா?

கோரைப்பாய்:
பத்தமடையில பாய்க்கடை. மூணு மாசமா பேஸ்புக்ல போடுத ஒவ்வொரு போஸ்ட்டுலயும் ஆர்டர் லிங்க்க ஒட்டி விட்டுருவேன். போன வாரம் துபாய்லேர்ந்து சாச்சி மவன் போன்ல, "காக்கா, கடைய மூடிட்டியளாமே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"ன்னான். அப்படியே உக்காந்துட்டேன். அன்னைக்குக் காலைலதான் பொண்ணு மாப்பிள்ளை பேரு நெய்ஞ்ச பட்டுப்பாய் படம் போட்டு லிங்க்கும் குடுத்துருந்தேன். மறுநாள் லிங்க் இல்லாம, உம்மா கோரை கிழிக்குத படத்தச் சும்மா போட்டேன். முதல் லைக்கே அவன்தான். கடை மூடுன சேதி மட்டும் லிங்க் இல்லாமலே எப்படி ரீச் ஆச்சோ.

வாகையடி முக்கு:
லிங்க்க முதல் கமெண்ட்ல போடும் வே. எக்ஸ்ல, அதான் பழைய ட்விட்டர்ல, ஓனர் மஸ்க்கே 2024 நவம்பர்ல சொல்லிட்டாரே, போஸ்ட்டுல விவரத்த எழுது, லிங்க்க ரிப்ளைல போடுன்னு.

குறுக்குத்துறை:
கமெண்ட்ல போட்டு நான் பட்டது போதும். 2023 டிசம்பர் 18, திருநெல்வேலில வெள்ளம். கரண்ட் இல்ல, போன்ல 9 சதவீதம் சார்ஜ். எங்க முகாம், எங்க சோறுன்னு பயலுவ சேத்து வச்ச ஷீட் கையில இருந்துச்சு. ஆத்துல முருகன் கோயில் முங்கிக் கெடக்குத படத்தப் போட்டு, ஷீட் லிங்க்க கமெண்ட்ல போட்டேன். படம் பறந்துட்டு. எவனோ அத மட்டும் எடுத்து வாட்ஸாப்ல விட, சாயங்காலம் எங்க குடும்ப குரூப்புக்கே வந்துச்சு. கீழ எங்க மதினி, "முகாம் எங்கன்னு யாருக்காவது தெரியுமா?" பதில் அடிக்கதுக்குள்ள போன் செத்துட்டு.

வாகையடி முக்கு:
அது வெள்ளம், இது பாய் யாவாரம். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீரும்.

அம்பைக்காரன்:
என் கதை சின்னது. இன்ஸ்டா கேப்ஷன்ல ஒரு வருஷம் லிங்க் போட்டேன். அத அமுக்கவே முடியாதுன்னு வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். பாய்க்கடை அண்ணாச்சி, கேளுங்க. இன்ஸ்டால ஸ்டோரிக்கு லிங்க் ஸ்டிக்கர் இருக்கு. முன்ன 10,000 ஃபாலோயரோ ப்ளூ டிக்கோ இருந்தாத்தான் ஸ்டோரில லிங்க் வைக்க முடியும், 2021 அக்டோபர்லேர்ந்து எல்லாருக்கும் உண்டு. பயோல 5 லிங்க் வரைக்கும் வைக்கலாம், அது 2023ல வந்துச்சு. பேஸ்புக்ல நீளம், அகலம், விலை, எத்தன நாள்ல வரும், எல்லாத்தையும் போஸ்ட்டுலயே எழுதிருங்க. வாங்கணும்னு முடிவு பண்ணுனவனுக்கு மட்டும் லிங்க்க இன்பாக்ஸ்ல அனுப்புங்க. லிங்க்க அமுக்கி ஆளு வெளிய போனா பேஸ்புக்காரனுக்கு விளம்பரக் காசு போச்சு, பெறவு எப்படிக் காட்டுவான்? தினமும் லிங்க் வேண்டாம். நாலு நாள் உம்மா, தறி, சாயம் காய்ச்சுறதுன்னு காட்டுங்க, அஞ்சாம் நாள் ஆர்டர் கேளுங்க. கடைப் பேர படத்து மேலயே எழுதுங்க, எவன் எடுத்து அனுப்புனாலும் பேரும் கூடவே போவும். குறுக்குத்துறை அண்ணாச்சியும் முகாம் பேர படத்துலயே எழுதிருக்கணும்.

குறுக்குத்துறை:
9 சதவீதம் சார்ஜ்ல நீரு எழுதிப் பாரும் வே.

கோரைப்பாய்:
நேத்து விலைய போஸ்ட்டுலயே எழுதி, லிங்க்க முதல் கமெண்ட்ல போட்டேன். அதுக்கு மேல "ரேட்?" "ரேட்?"னு நாப்பது பேரு, லிங்க் அடியில போயிட்டு. அதுல ஒரு "ரேட்?" சாச்சி மவன் போட்டது.