மறு: ‘தரவுச் சரிக்கட்டல்’ – மாற்றுச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

புலனாய்வுச் செய்தியாளர்கள் வெவ்வேறு பதிவேடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ஒரு பரிந்துரைக்கு என் மறுமொழி இது.

> வணிகவியல் பாடநூலில் ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ இருக்கிறதே. அதை ஒட்டி ‘தரவுச் சரிக்கட்டல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடநூலில் இருப்பது உண்மைதான், ஐயா. ஆனால் எங்கள் மதுரைப் பக்கம் ‘ஆளைச் சரிக்கட்டிவிட்டார்கள்’ என்றால் காசு கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள் என்று பொருள். மருத்துவமனைக் கணக்கைத் தோண்டும் செய்தியாளர் தம் வேலைக்கு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டால் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. தவிர, வங்கிக் கணக்கில் இரண்டு ஏடுகளும் கடைசியில் ஒரே தொகைக்கு வந்தாக வேண்டும். புலனாய்வில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒத்துப்போகாத இடத்தில்தான் செய்தியே கிடக்கிறது.

எந்த வேலைக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை உசிலம்பட்டியை வைத்தே சொல்லிவிடலாம். அந்த வட்டாரத்துப் பெண்சிசுக் கொலை 1986இல் இந்தியா டுடே இதழ் வழியாக நாடு முழுவதும் தெரியவந்தது. ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று மறுத்தவர்களும் உண்டு. 1990களில் ஆய்வாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளையே எடுத்துப் பார்த்தார்கள். சிசு மரணத்துக்கான காரணம் எழுதும் இடத்தில், நோயின் பெயருக்குப் பதிலாக ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தது. யார் இந்த இடக்கரடக்கலைக் கண்டுபிடித்தாரோ! அந்தப் பதிவுகளை ஆண், பெண் என்று பிரித்ததும் மதுரை, சேலம், தருமபுரி மாவட்டங்களின் நிலவரம் அரசின் ஏட்டிலிருந்தே வெளியே வந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்துப் பெண், பிரசவச் சிக்கலோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் அது பதிவாகும். கிராமத்து இறப்பு ஏட்டைப் புரட்டினால் அவர் இருக்க மாட்டார். ஆனால் கிராம சுகாதார செவிலியரின் கர்ப்பிணிப் பதிவேட்டில் இருப்பார். இந்த இரண்டையும் நகரத்துப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, தேதி, வயது, ஊர் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் இராசாசி மருத்துவமனையின் மொத்த இறப்பை மட்டும் தலைப்பில் போடுவது அநியாயம். தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் என்று சுற்று மாவட்டங்களில் கைவிரித்த நோயாளிகளெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

> ‘தரவு ஒருங்கிணைப்பு’ போதாதா?

போதாது. ஒருங்கிணைத்தால் வேறுபாடு கரைந்துவிடும். ‘குறுக்குச் சரிபார்ப்பு’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. ஒன்று சரி, மற்றது பிழை என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இரண்டுமே பிழையாக இருந்த ஏடுகள் எத்தனையோ!

என் பரிந்துரை: பதிவொப்பு.

சுவடிப் பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கி, மாறுபடும் இடங்களை அழிக்காமல் பாடபேதமாகக் கீழே குறித்தார்களே, ஏறக்குறைய அதே வேலைதான் இதுவும். ‘பதிவொப்புச் செய்தி’, ‘பதிவொப்பாளர்’ என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. கோவிட் இரண்டாம் அலையில், அரசு அறிவித்த மரண எண்ணிக்கையை இறப்புப் பதிவுகளோடு வைத்துப் பார்த்துச் செய்தியாளர்கள் எழுதியவற்றை இந்தப் பெயரால் தாராளமாக அழைக்கலாம். கையொப்பத்தோடு குழம்பும் என்று ஒரு நண்பர் தனிமடலில் அஞ்சியிருந்தார். குழம்பாது, ‘ஒப்புமை’, ‘ஒப்பீடு’ எல்லாம் கையொப்பத்தோடு சண்டையின்றிக் குடித்தனம் நடத்துகின்றன.

கூடவே இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். ஓர் ஏட்டில் இருந்து மற்றதில் இல்லாதது ‘விடுபதிவு’. இரண்டிலும் இருந்து, தேதியோ காரணமோ மாறுவது ‘முரண்பதிவு’. இவற்றைப் பிரித்துச் சொல்லாவிட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது என்ன கேட்பது என்றே தெரியாது. மொத்த எண்ணிக்கையைக் கேட்பவருக்கு 30 நாளில் ஓர் எண் வரும், அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. பெயர்களை மறைத்துவிட்டு ஏட்டுப் பக்கங்களின் நகலைத் தாருங்கள் என்று கேட்க வேண்டும்.

‘விடுபதிவு’ மீது மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை. நம் குழுவிலுள்ள மேலூர் அம்மா சுகாதாரத் துறையில் பணியாற்றியவர். விட்டுப்போன பெயரைச் செவிலியர்கள் தங்களுக்குள் என்னவென்று குறிப்பிடுவார்கள் என்பதை அவர் எழுதினால், என் வாக்கு அந்தச் சொல்லுக்கே.