வயசான குளோசருக்குப் பெரிய காசு கொடுக்கலாமா?

ஹட்டன்காரன் கேட்டது:

அமெரிக்க பேஸ்போல்ல குளோசர்னா கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடிக்கிறவர். அப்படி ஒருத்தர் எட்வின் டியாஸ்; அவரை லொஸ் ஏஞ்சலிஸ் அணியான டொட்ஜர்ஸ் 3 வருசத்துக்கு 69 மில்லியன் டொலர் பேசி எடுத்தாங்க. வருசத்துக்கு 23 மில்லியன். ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில மாற்றா வர்ற பந்துவீச்சாளர்) ஒருத்தருக்கு ஒரு வருசத்துக்கு அதுக்கு முன்ன யாரும் கொடுக்காத தொகை. அதே அணி 2025 ஜனவரியில இன்னொரு குளோசர் டானர் ஸ்கொட்டுக்கு 4 வருசம், 72 மில்லியன் கொடுத்துச்சு. அவர் அந்த சீசன்ல 10 சேவ் வாய்ப்பைக் கோட்டை விட்டார் (சேவ்னா சின்ன முன்னிலையைக் கடைசிவரை காப்பாத்திக் கொடுக்கிறது). 30 தாண்டின கைக்கு இப்படிக் காசு இறைக்கிறது சரியா? கடைசி ஓவருக்குப் பழைய ஆள்தான் வேணும்னு கிரிக்கெட்டில சொல்வோமே, அது பேஸ்போலுக்குப் பொருந்துமா?

மேல்கணக்கு, லிந்துலை:

கிரிக்கெட்டிலேயே பதில் இருக்கு தம்பி. 2019 ஐபிஎல் இறுதியாட்டத்தில மாலிங்க முதல் 3 ஓவரில 42 ஓட்டம் கொடுத்தார். கடைசி ஓவரில சென்னைக்கு 9 தேவை. 7தான் கொடுத்தார், மும்பை 1 ஓட்டத்தால ஜெயிச்சுது. இதுல எந்த மாலிங்கவுக்கு விலை போடுவீங்க?

ரிலீவர்ட சிக்கலே இதுதான். ஒரு அணி சீசனோட 162 ஆட்டத்தில சுமார் 1,450 இன்னிங்ஸ் வீசும் (பேஸ்போல்ல ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொண்ணுலயும் மூணு பேரை அவுட்டாக்கணும்). குளோசர் பங்கு 60, 65, நூத்துக்கு நாலு, நாலரை. 60 இன்னிங்ஸ்ல 20 ஓட்டம் கொடுத்தா ஈ.ஆர்.ஏ., அதாவது 9 இன்னிங்ஸுக்குக் கொடுக்கிற ஓட்டச் சராசரி, 3.00; குறைஞ்சா நல்லது. மூணே ஆட்டத்தில மும்மூணா 9 ஓட்டம் கூடினா அது 4.35 ஆகிடும். கை அதே கைதான், மூணு காலை மட்டும் கெட்டுப்போச்சு. (காலைன்னு சொல்றது, லொஸ் ஏஞ்சலிஸ்ல ராத்திரி 7.10க்குத் தொடங்குற ஆட்டம் நமக்குக் காலை 7.40. குளோசர் வர்ற நேரம் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கிட்ட.)

அதனால சேவ் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கவே கூடாது. 9ஆவது இன்னிங்ஸ்ல 3 ஓட்டம் முன்னால இருக்கும்போது வந்து முடிச்சாலும் சேவ்னு பேர் விழும். 8ஆவதுல ஆட்டம் சமனா நிக்கும்போது எதிரணியின் நல்ல மூணு பேரை மடக்கினவனுக்கு அந்தப் பேர் விழாது. குளோசர் வேட் டேவிஸ் விசயம் அப்படித்தான். கொலராடோ அணி 2017 டிசம்பர்ல 3 வருசம், 52 மில்லியன் கொடுத்துச்சு. 2018ல 43 சேவ், ஆனா ஈ.ஆர்.ஏ. 4.13. அடுத்த வருசம் 8.65.

பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல ஆளை அவுட்டாக்கிறது) வீதத்துக்கும் வோக் (நாலு தப்பான பந்து போட்டு ஆளைச் சும்மா முதல் பேஸுக்கு விடுறது) வீதத்துக்கும் உள்ள இடைவெளி. 250 பேரைச் சந்திச்சு 75 ஸ்ட்ரைக் அவுட், 20 வோக்னா நூத்துக்கு 30லிருந்து 8 போக 22. 20க்கு மேல நல்ல கை. 12க்குக் கீழ இறங்கினா, ஈ.ஆர்.ஏ. எவ்வளவு அழகா இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

பண்டாரவளை ரயில்:

லிந்துலை அண்ணே சொன்னது கையைப் பத்தி. காசு எங்க கரையுதுன்னா ஒப்பந்தத்தில. எம்.எல்.பி. (அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக்) சம்பளம் உத்தரவாதம்; ஆளை வெளியில விட்டாலும் மிச்சத்தைக் கட்டியே ஆகணும். வேற அணி எடுத்தா அது குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் ஏத்துக்கும். 2025ல அது 760,000 டொலர்.

அடுத்தது இடம். அணியில 26 பேர், அதுல பந்துவீச்சாளர் 13க்கு மேல கூடாது. இளைய ரிலீவர் களைச்சுப்போனா கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு இறக்கிட்டு வேற கையை ஏத்தலாம். பெரிய லீக்ல 5 வருசச் சேவை முடிச்சவரை அவர் சம்மதமில்லாம இறக்க முடியாது. சோர்ந்துபோன மூத்தவர் அந்த இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார், மத்த 12 பேர் அவர் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கணும். இந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலயும் வராது.

அணியின் மொத்தச் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினா வரியும் இருக்கு. டொட்ஜர்ஸ் மாதிரி தொடர்ந்து எல்லை தாண்டி, 2025 எல்லையான 241 மில்லியனுக்கு மேல இன்னும் 60 மில்லியன் போன அணிக்கு, கூடுற ஒவ்வொரு டொலருக்கும் 110 வீதம் வரி. டொட்ஜர்ஸ் 2025ல எடுத்த ரிலீவர் கேர்பி யேட்ஸ்ட 13 மில்லியன் சம்பளத்துக்கு வரி மட்டும் 14.3 மில்லியன். அவர் 38 வயசில கொடுத்தது 5.23 ஈ.ஆர்.ஏ. முந்தின வருசம் டெக்சஸ்ல அதே ஆள் 1.17!

ஹட்டன்காரன்:

அப்ப சப்மன்? பொஸ்டன் 2025ல 37 வயசுக்காரருக்கு 10.75 மில்லியன் கொடுத்து 32 சேவும் 1.17 ஈ.ஆர்.ஏ.வும் வாங்கிச்சே.

பண்டாரவளை ரயில்:

அது ஒரு வருசக் கொந்தரப்பு. கெட்டுப்போயிருந்தாலும் ஒக்டோபரோட கணக்கு முடிஞ்சிருக்கும். 2024ல பல்டிமோர் கிம்ப்ரலை 13 மில்லியனுக்கு எடுத்து, 5.33 ஈ.ஆர்.ஏ. ஆனதும் செப்டெம்பர்ல அனுப்பிச்சு. காசு போச்சு, அடுத்த வருசம் கை சுத்தம். மெலன்சனுக்கு சான் பிரான்சிஸ்கோ எழுதினது 4 வருசம், 62 மில்லியன். முதல் வருசமே முன்கைச் சத்திரசிகிச்சை. ஒரு வருசத்துக்கு 5 மில்லியன் கூடக் கொடுத்தாலும் பரவாயில்ல, ரெண்டாவது வருசத்தை அணி விரும்பினா நீட்டிக்கலாம்னு எழுதணும்.

சேவுக்கு போனஸ் எழுத விதியில இடமில்ல. முடிச்ச ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு எழுதலாம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைச்சு அங்க ஏத்தினா, காயத்தில உட்கார்ந்தா நட்டம் பாதி.

நாவலப்பிட்டி மழை:

ஒண்ணு சேர்க்கணும். கடைசி இன்னிங்ஸுக்குக் குளோசர்தான் வேணும்னு யார் சொன்னா? 2025 ஒக்டோபர்ல, கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள்ல, ஸ்கொட் ஒரு பந்துகூட வீசல. ஸ்டார்ட்டரா (ஆட்டத்தைத் தொடங்கி வீசுறவரா) வந்த சசாகி சேவ் எடுத்தார்; இறுதிப் போட்டியான உலகத் தொடர் 7ஆவது ஆட்டத்தை, முந்தின நாள்தான் வீசியிருந்த யமமோட்டோ வந்து முடிச்சார். கிண்ணம் டொட்ஜர்ஸுக்குத்தான்.

எடுக்கிறதா இருந்தா ஏப்ரல் வேகத்தையும் ஓகஸ்ட் வேகத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்க. மணிக்கு ஒன்றரை மைல் இறங்கி, பந்தை விடுற இடமும் தாழ்ந்திருந்தா கை ஏதோ ஒண்ணை மறைக்குது. முழங்கைத் தசைநார்ச் சிகிச்சைன்னா 12லிருந்து 18 மாசம். கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரி, காத்திருந்தா பெரும்பாலும் தளிர்க்கும். தோள்மூட்டுன்னா அந்த நம்பிக்கையும் குறைவு. குளோசர் ஹேடருக்கு 2025 ஓகஸ்ட்ல போனது தோள்தான், 5 வருசம் 95 மில்லியன்ல ரெண்டாவது வருசம்.